மூன்று நிதி, ஒரே கிடங்கு: கூட்டு நிவாரணத் திட்டத்தில் எந்த வேலைக்கு யார் பொறுப்பு?

கிருதுமால் எழுதியது:

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நிவாரணப் பொருள்களை வாங்கி இருப்பு வைக்க மதுரையில் மூன்று அமைப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள தொண்டு நிறுவனம். வெளிநாட்டு நிதி 14 லட்சம். அடுத்தது ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணம், 10 லட்சம். மூன்றாவது உள்ளூர் அறக்கட்டளை. கையில் நன்கொடை 2 லட்சம்தான், ஆனால் களத்தில் ஆள்பலம் முழுக்க அவர்களிடம்தான். கம்பெனிப் பணமும் அவர்கள் வழியாகத்தான் செலவாகும்.

கப்பலூரில் ஒரு கிடங்கு, 1,000 குடும்பப் பைகள் ("பத்து நாள் உணவு" என்று அச்சிடத் திட்டம்), தார்ப்பாய், தண்ணீர் லாரிக்கு ஒப்பந்தம். போக வேண்டிய இடங்கள்: செல்லூர், பந்தல்குடி வாய்க்கால் ஓரத் தெருக்கள், மேலூர் பக்கம் கண்மாய்க்குக் கீழே உள்ள குடியிருப்புகள், ஆனையூர், திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள்.

ஒப்பந்த வரைவு கையில் இருக்கிறது. கொள்முதல், கிடங்கு, விநியோகம், அறிக்கை என்று எல்லாப் பத்தியிலும் "மூன்று தரப்பும் கூட்டாகப் பொறுப்பேற்கும்" என்றே எழுதியிருக்கிறார்கள். பணம் மொத்தமும் அறக்கட்டளை பெயரில் ஒரே வங்கிக் கணக்கில் விழும், அங்கிருந்து செலவாகும் என்பது ஏற்பாடு. இது சரியா? வேலையை எப்படிப் பிரிப்பது?

---

நிகர்இருப்பு எழுதியது:

முதலில் அந்தப் பொது வங்கிக் கணக்கை வரைவிலிருந்து அடித்துவிடுங்கள் சார். வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவது 2020 செப்டம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தோடு முடிந்துபோன விஷயம். முன்பெல்லாம் வாங்குபவருக்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால் மாற்றலாம். இப்போது பதிவு இருந்தாலும் முடியாது. அந்தப் பணம் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து அதே அமைப்பின் பயன்பாட்டுக் கணக்குக்கு, மதுரையில் எந்த வங்கியில் இருந்தாலும், கொண்டுவரலாம். அந்தக் கணக்கில் உள்ளூர் நன்கொடை ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது.

ஆகவே, பணத்தை ஒன்றாகச் சேர்த்துவிட்டு வேலையைப் பிரிக்கிற வழி உங்களுக்கு இல்லை. வேலையை முதலில் பிரித்து, அவரவர் வேலைக்கு அவரவர் கணக்கிலிருந்து கடைக்காரருக்கு நேரடியாகப் பணம் போக வேண்டும். திட்டம் ஒன்று, பணப்பெட்டி மூன்று.

கம்பெனி பக்கம் கவனிக்க வேண்டியவை வேறு. அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளோடு, சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவெண்ணும் வேண்டும் (2021 ஏப்ரல் 1 முதல்). பணத்தை அறக்கட்டளைக்கு அனுப்பியதோடு கம்பெனி "செலவு செய்துவிட்டோம்" என்று கணக்கு முடிக்க முடியாது. களத்தில் செலவானதைக் கம்பெனியின் நிதித் தலைமை அலுவலர் சான்றளிக்க வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத பணம், பல ஆண்டுத் திட்டம் என்று முன்பே தீர்மானம் போட்டிருந்தால் 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போகும். அப்படித் தீர்மானம் இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் அரசு நிதி ஒன்றுக்குப் போய்விடும். நம் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கம்பெனிகள் பணம் விடுவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். இந்த இடைவெளியை யார் சமாளிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் கடைசியில் அறக்கட்டளைதான் கடன் வாங்கி ஓடும்.

இன்னொன்று. அறக்கட்டளை தன் 2 லட்சத்தை "பங்குத்தொகை" என்று இன்னொரு அறக்கட்டளைக்குக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதில் 85 சதவீதம் மட்டுமே அறப்பணிச் செலவாக ஏற்கப்படும். தானே நேரடியாகச் செலவு செய்தால் இந்தச் சிக்கல் வராது.

---

கண்மாய்க்கரை எழுதியது:

"கூட்டாகப் பொறுப்பேற்கும்" என்ற சொற்றொடர் வருகிற ஒவ்வொரு இடத்திலும், அந்த வேலை கெட்டுப்போனால் ஊர்க்காரர் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று கேட்டுப் பாருங்கள் அண்ணே. பதில் ஒரே பெயராக வர வேண்டும். மூன்று பெயர் வந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று அர்த்தம்.

யாருக்கு எந்த வேலை என்று அட்டவணை போடும்போது ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டம் வையுங்கள்: செய்பவர், பதில் சொல்ல வேண்டியவர், முன்கூட்டிக் கலந்துகொள்ளப்பட வேண்டியவர், தகவல் மட்டும் போக வேண்டியவர். செய்பவர் பலர் இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் கட்டத்தில் மட்டும் ஒரே ஓர் ஆள். அமைப்பின் பெயர் போதாது, பதவியும் வேண்டும். பணம் அதிகம் போட்டவர்தான் எல்லாவற்றிலும் மேல் என்று எண்ணி அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள். விநியோகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அந்தத் தெருவில் நிற்கக்கூடியவர்.

வேலையை மேலோட்டமாகப் பிரிப்பதும் உதவாது. "கொள்முதல்" என்று ஒற்றை வரி போட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது? பையில் என்ன இருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது ஒன்று, விலைப்புள்ளி வாங்குவது ஒன்று, மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தருவது ஒன்று, இறங்கிய சரக்கை எடைபோட்டு ஏற்பது ஒன்று, பணம் விடுவது ஒன்று. ஐந்தும் வேறுவேறு. சரக்கை ஏற்பவரும் பணம் விடுபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது.

உங்கள் "பத்து நாள் உணவு" விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பையில் அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர் இருக்கும். அரிசி கிட்டத்தட்ட 36,000 கிலோ கலோரி, பருப்பு 3,400, எண்ணெய் 8,200, மொத்தம் 47,600. ஸ்ஃபியர் கையேடு (நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகள்) ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 என்கிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு 8,400. வகுத்தால் ஐந்தரை நாள்தான் வரும். அதில் பத்து நாள் என்று அச்சிட்டால், ஆறாம் நாள் சோறு இல்லாத வீட்டுக்காரர் பையைக் கொண்டுவந்து கொடுத்தவரிடம்தான் கேட்பார். அச்சிட்டவர் அங்கே இருக்கமாட்டார். பையின் உள்ளடக்கத்தை நிர்ணயிக்கும் பொறுப்பை ஒரே அமைப்புக்குக் கொடுங்கள். மூன்று நிதியில் வாங்கினாலும் பை ஒரே மாதிரி இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையில் தார்ப்பாய் இருந்து தன் பையில் இல்லை என்றால் தெருவே இரண்டாகும்.

---

கிருதுமால் எழுதியது:

நன்றி. ஒரு சந்தேகம். விநியோகம் முழுக்க அறக்கட்டளை ஆட்கள்தான். அவர்களுக்கு வெளிநாட்டு நிதியிலிருந்து பணம் தர முடியாது என்றால், "விநியோகச் சேவை" என்று ஒரு சேவை ஒப்பந்தம் போட்டு, பில் வாங்கிப் பணம் கொடுக்கலாமா? எஃப்சிஆர்ஏ அமைப்பின் கணக்காளர் அப்படித்தான் யோசனை சொல்கிறார்.

---

நிகர்இருப்பு எழுதியது:

கவனம் சார். லாரிக்காரர், கிடங்கு உரிமையாளர், அச்சகத்தார் ஆகியோருக்குக் கொடுப்பது பொருளுக்கும் சேவைக்குமான விலை, அதில் தவறில்லை. ஆனால் திட்டப் பங்காளியாகக் கையெழுத்துப் போட்ட அறக்கட்டளைக்கே "சேவைக் கட்டணம்" என்று பெரிய தொகை போனால், அது மானியத்துக்குப் பூசிய வர்ணம் என்றுதான் ஆய்வில் பார்ப்பார்கள். விலைப்புள்ளி இல்லை, சந்தை விலையோடு ஒப்பீடு இல்லை, பயனாளியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் அவர்களிடமே என்றால் நிச்சயம் மாட்டும்.

பாதுகாப்பான வழி: வெளிநாட்டு நிதியில் வாங்கும் பைகளுக்கு (1,000-ல் 600 என்று வைத்துக்கொள்வோம்) அந்த அமைப்பின் சொந்த ஊழியர் இருவர் ஒவ்வொரு விநியோக இடத்திலும் நின்று பட்டியலில் கையெழுத்திட வேண்டும். அறக்கட்டளைத் தொண்டர்கள் உதவலாம். அவர்களின் சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் அறக்கட்டளையின் சொந்தப் பணத்திலோ சிஎஸ்ஆர் பணத்திலோ வரட்டும். இப்படிச் செய்தால் உங்கள் 2 லட்சத்துக்குத் தெளிவான வேலை கிடைத்துவிடுகிறது.

பொதுச் செலவுக்கு ஒரே விகிதம் எழுதிவையுங்கள். பைகள் 600, 300, 100 என்று பிரிந்தால் கிடங்கு வாடகை 18,000 ரூபாயில் 10,800, 5,400, 1,800. மாதாமாதம் மாற்றாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் மூவரும் கையெழுத்திட்ட குறிப்பு இருக்க வேண்டும். வாடகை பில்லையும் உரிமையாளரிடம் மூன்றாகப் பிரித்தே வாங்கிவிடுங்கள்.

நிர்வாகச் செலவு வரம்பில் பலர் குழம்புகிறார்கள். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிஎஸ்ஆரில் சொல்லப்படும் 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்துகிற செலவுக்கான வரம்பு. உங்கள் அறக்கட்டளையின் களச் செலவுக்கான வரம்பு அல்ல. "நிர்வாகத்துக்கு 5 சதவீதம்தான் தருவோம்" என்று கம்பெனி சொன்னால் அது அவர்கள் முடிவு. சட்டம் அப்படிச் சொல்வதாக எண்ணி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, இரட்டைக் கணக்கு. ஒரே பில்லின் நகல் இரண்டு நன்கொடையாளர் கோப்பிலும் உட்காருவதுதான் கூட்டுத் திட்டத்தில் அடிக்கடி நடக்கிற தவறு. வேண்டுமென்று செய்பவர்கள் குறைவு; நகல் எடுத்து அடுக்கும்போது நடந்துவிடுகிறது. மூன்று ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நிதியின் பெயர், "ரூ. ____", "பதிவேட்டு எண் ____", கையெழுத்துக்கு இடம். பில் வந்த அன்றே, நகல் எடுப்பதற்கு முன்பு, மூல பில்லின் முகப்பிலேயே குத்த வேண்டும். பின்பக்கம் குத்தினால் நகலில் தெரியாது. முகப்பில் இருந்தால் எந்த நகலை எடுத்துப் பார்த்தாலும் யார் பணம் என்று தெரிந்துவிடும்.

---

சரக்கறை எழுதியது:

கிடங்கு பற்றி. பை ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. குட்டியானையில் (சின்னச் சரக்கு வண்டி) 50 பை ஏற்றினால் 750 கிலோ, அதற்கு மேல் ஏற்றாதீர்கள். அதைவிடப் பெரிய 407 வண்டியில் 150 பை. செல்லூர்ச் சந்துகளுக்குப் பெரிய வண்டி போகாது. 407-ஐ மேட்டுப்பாங்கான சாலையில் நிறுத்திக் குட்டியானைக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றும் இடத்தில்தான் எண்ணிக்கை தப்பும். அங்கே இறக்குபவர் ஒருவர், எண்ணிச் சீட்டு எழுதுபவர் இன்னொருவர்.

மூன்று நிதிப் பைகளும் ஒரே கிடங்கில் இருந்தாலும் தனித்தனி அடுக்கு, தனித்தனி இருப்பு அட்டை. அட்டையை அடுக்கிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, வரவு, செலவு, மீதி, வண்டி எண், கையெழுத்து. அவசரத்தில் "முதலில் கைக்கு வந்த அடுக்கிலிருந்து எடு" என்று எடுத்துவிட்டு மாலையில் கணக்கைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள்; அங்கிருந்துதான் மூன்று கணக்கும் கலங்கும். பையின் வாய்க்கட்டுக்கு மூன்று நிறச் சணல் போதும். நிறத்தைப் பார்த்து எடுப்பது அட்டையைப் படித்து எடுப்பதைவிட வேகம்.

தரையில் நேரடியாக அடுக்கக் கூடாது. மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். தார்ப்பாய்க்கு 4 மீட்டருக்கு 6 மீட்டர் அளவு கேளுங்கள். சந்தையில் கிடைக்கும் சின்ன அளவில் ஒரு குடும்பம் படுக்க முடியாது. ஸ்ஃபியர் கணக்குப்படி ஓர் ஆளுக்குக் குறைந்தது மூன்றரை சதுர மீட்டர் கூரை வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு ஈ-வே பில் (சரக்கை ஏற்றிச்செல்ல வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) கேட்பார்கள். கீழமாசி வீதி மொத்தக் கடையிலிருந்து கிடங்குக்கு வரும் நடைக்கு அதைக் கடைக்காரர் பொறுப்பாக்கிவிடுங்கள்.

---

தெப்பக்குளம் எழுதியது:

எல்லாரும் பொறுப்பைப் பிரிப்பது பற்றியே பேசுகிறீர்கள். அவசரத்தில் இது ஆபத்து இல்லையா? ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் ஏறும்போது மூன்று அமைப்பில் மூன்று கையெழுத்து வாங்கிக் கிடங்கைத் திறப்பதா? ஒரு முன்னணி அமைப்பை வைத்து, மொத்த அதிகாரமும் அவர்களுக்குக் கொடுப்பதுதான் நடக்கிற காரியம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அத்தனை அமைப்புகளும் மாவட்ட நிர்வாகமும் ஓர் ஒருங்கிணைப்பு மையம் வழியாகப் பேசியதால்தான் ஓரளவு ஒழுங்கு வந்தது.

---

கண்மாய்க்கரை எழுதியது:

நாகப்பட்டின மையம் செய்தது ஒருங்கிணைப்பு அய்யா. யார் எங்கே என்ன செய்கிறார் என்ற தகவலை ஓரிடத்தில் சேர்த்து வைத்தது. ஒவ்வோர் அமைப்பின் பணத்தையும் ஆளையும் தன் கீழ் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு. அந்த மையம் இருந்தும், படகு கொடுப்பதில் ஆளாளுக்குப் போட்டி போட்டு, கடற்கரை நெடுகத் தேவைக்கு மேல் படகு சேர்ந்ததையும் மறக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. அதற்கு வழி முன் அனுமதி. ஒப்பந்தத்திலேயே இப்படி எழுதலாம்: குறிப்பிட்ட அறிகுறி தெரிந்தவுடன் முதல் 200 பைகளை விடுவிக்க அறக்கட்டளையின் கள ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் கைபேசிச் செய்தி போதும், மற்ற இருவருக்கும் அதே நேரத்தில் தகவல் போகும், 24 மணி நேரத்தில் பட்டியலோடு எழுத்துப் பதிவு. 200-க்கு மேல் போனால் இருவர் ஒப்புதல். அந்த முதல் 200-ஐ எந்த அடுக்கிலிருந்து எடுப்பது என்பதையும் எழுதுங்கள். சிஎஸ்ஆர் அடுக்கு சரியாக இருக்கும். வெளிநாட்டு நிதி அமைப்பின் ஊழியர் வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி என்ன என்பதில் மதுரைக்கு ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் வைகை அணை நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார்கள்: 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது, முழுக் கொள்ளளவு 71. ஆற்றங்கரைக் குடியிருப்புக்கு அது சரி. ஆனால் 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உள்ளூர் மழையாலும் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பியதாலும்தான். அணையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேருவீர்கள். இரண்டு அறிகுறி வையுங்கள்: ஆற்றங்கரைக்கு இரண்டாம் வெள்ள எச்சரிக்கை, செல்லூருக்கும் மேலூர்க் கண்மாய்ப் பகுதிக்கும் வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கையோடு உள்ளூர் ஆள் நேரில் பார்த்துச் சொல்லும் செய்தி. அந்த ஆள் யார் என்பதும் அட்டவணையில் ஒரு வரி.

மறுவாழ்வு முகாம்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி முன்பே வேண்டும். மழை வந்த பிறகு மனு எழுதினால் பை கிடங்கிலேயே இருக்கும். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். ஒப்பந்த நகலோடு செப்டம்பரிலேயே ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதம் யார் வேலை என்றும் எழுதுங்கள். "எல்லாரும்" என்று விட்டால் யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

---

குழாயடி எழுதியது:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓர் ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர். 250 குடும்பம், 1,000 பேர் என்றால் 15,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒரு நடை போதாது, இரண்டாவது நடைக்கும் சேர்த்து ஒப்பந்தம் போடுங்கள். 250 பேருக்கு ஒரு குழாய் என்ற கணக்கில் நான்கு குழாய் வேண்டும். லாரியின் பின்னால் ஒற்றை ஹோஸ் தொங்கினால் அடிதடிதான் மிஞ்சும்.

குளோரின் போடும் பொறுப்பையும் அளக்கும் பொறுப்பையும் ஒரே அமைப்பிடம் விடாதீர்கள். 12,000 லிட்டருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 24 கிராம் குளோரின் தேவை. புது பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் இருக்கும். 73 கிராம் போதும். ஈரக் கிடங்கில் மூன்று மாதம் கிடந்து 20 சதவீதமாக இறங்கியிருந்தால் 120 கிராம் வேண்டும். பழைய பவுடரில் அதே 73 கிராமைப் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்று பதிவேட்டில் எழுதுவதுதான் வழக்கமான தவறு. வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் லாரியில் ஊற்ற வேண்டும். நிரப்பும் இடத்தில் போடுபவர் ஓர் அமைப்பு. அரை மணி கழித்து, இறக்கும் குழாயில் குளோரோஸ்கோப் (மீதக் குளோரினை அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பவர் இன்னோர் அமைப்பு. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் திறக்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரம் அளப்பவருக்கு இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுக்காவிட்டால், குடத்தோடு நிற்கிற கூட்டத்துக்கு முன்னால் ஒரு தொண்டரால் லாரியைத் திருப்ப முடியாது. கலங்கிய நீரில் குளோரின் வேலை செய்யாது, அதை நிரப்பும் இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

---

வடக்குவெளி எழுதியது:

புகார்ப் பொறுப்பு விட்டுப்போயிற்று. மூன்று அமைப்பு, மூன்று தொலைபேசி எண் என்றால் மக்கள் எதையும் அழைக்கமாட்டார்கள். பையின் மேல் ஒரே எண். எடுப்பவர் ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது. அவர் விநியோகக் குழுவில் இருக்கக் கூடாது. விநியோகம் செய்பவரைப் பற்றித்தான் புகாரே வரும்.

பாலியல் தொல்லை பற்றிய புகாரை "கூட்டுக் குழு பார்க்கும்" என்று எழுதாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அமைப்புக்குச் சட்டப்படி உள்புகார்க் குழு கட்டாயம். உங்கள் அறக்கட்டளையில் அத்தனை பேர் இல்லையென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தொண்டரும் எந்த அமைப்பின் பெயரில் வந்தார் என்று அடையாள அட்டையில் இருக்கட்டும். அதை வைத்துத்தான் யார் விசாரிப்பது என்பது முடிவாகும். குழந்தை சம்பந்தப்பட்டால் அமைப்புக்குள் விசாரணை என்ற பேச்சே இல்லை. போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பையில் இருக்கட்டும்.

பயனாளிப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கினால் குடும்ப அட்டை உள்ளவர்கள் வருவார்கள். செங்கல் சூளையில் தங்கி வேலை செய்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், அட்டையே இல்லாத தனித்த முதியவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். அவர்களைச் சேர்க்கும் பொறுப்பு ஒருவர் பெயரில் தனி வரியாக இல்லாவிட்டால், விடுபட்டது யாருக்கும் தெரியாது.

---

கிருதுமால் எழுதியது:

வரைவை முழுக்கத் திருத்துகிறோம். பொதுக் கணக்கு நீக்கப்பட்டது. 31 வரி கொண்ட அட்டவணை தயாராகிறது. கடைசியாக ஒன்று: ஜனவரியில் பை மீந்தால்? எஃப்சிஆர்ஏ அமைப்பு, "எங்கள் மீதியை அறக்கட்டளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம்" என்கிறது.

---

நிகர்இருப்பு எழுதியது:

வேண்டாம் சார். மொத்தமாக இன்னோர் அமைப்பின் பெயருக்கு மாற்றாமல், அவர்களே பயனாளிகளுக்கு நேரடியாகக் கொடுத்து முடிக்கட்டும். வாங்கும்போதே அரிசி மூட்டையின் தேதியையும் எண்ணெயின் காலாவதித் தேதியையும் இருப்பு அட்டையில் எழுதிவையுங்கள். டிசம்பர் 20-ல் இருப்பு எண்ணி, மீதி உணவுப் பைகளை எங்கே கொடுப்பது என்று மூவரும் கூடி முடிவு செய்யுங்கள். கொடுப்பது அந்தந்த நிதிக்காரர். தார்ப்பாயும் தண்ணீர் டிரம்மும் அடுத்த மழைக்கு நிற்கும். அவற்றுக்கு வாடகை யார் தருவது, சாவி யாரிடம் என்று இரண்டு வரி சேருங்கள். அப்போது உங்கள் அட்டவணை 33 வரி.

---

சரக்கறை எழுதியது:

சாவி இரண்டு. ஒன்று கள ஒருங்கிணைப்பாளரிடம், இன்னொன்று கப்பலூரிலேயே கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரிடம், கையெழுத்து வாங்கிக்கொண்டு. மழை வலுத்தால் திருமங்கலம் சாலையில் போக்குவரத்து நிற்கும். ஊருக்குள் இருக்கிற சாவி நேரத்துக்கு வந்து சேராது.